கார்னேஷன்: எந்த மொட்டை வைப்பது, எதைக் கிள்ளுவது

கார்னேஷன் செடியைப் பூக்காத பருவத்தில் முதன்முறையாகப் பார்ப்பவருக்கு அது பூச்செடி என்றே தோன்றாது. சாம்பல் பூத்த நீலப்பச்சை நிறத்தில், கோரையை நினைவூட்டும் ஒடுங்கிய இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்று தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். இலைகள் தண்டில் சேருமிடம் விரல் முட்டியைப் போலப் புடைத்திருக்கும், அதுவே கணு. இலையைக் கட்டைவிரலால் தேய்த்தால் வெண்மையான மெழுகுப் பூச்சு அகன்று, அடியிலுள்ள கரும்பச்சை வெளிப்படும். இவ்வளவு எளிய தண்டின் நுனியில்தான், சுருக்கு வைத்துத் தைத்த துணியைப் போல இதழ்கள் நெருங்கிய மலர் விரிகிறது. முறையாக வெட்டிக் குவளையில் வைத்தால் அது இரண்டு வாரம்கூட வாடாமல் நிற்கும்.

இதை வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மண் கலவையிலும் உரத்திலுமே கவனத்தைச் செலவிடுகிறார்கள். அவை தேவைதான். ஆனால் ஒரே பாத்தியில், ஒரே உரத்தைப் பெற்று வளர்ந்த இரண்டு செடிகளில் ஒன்று சாய்ந்து கிடந்து சிறுசிறு பூக்களாகப் பூப்பதற்கும், மற்றொன்று இடுப்புயரத் தண்டில் உள்ளங்கை அகலப் பூவைத் தாங்கி நிமிர்ந்து நிற்பதற்கும் காரணம் வளர்ப்பவரின் விரல்களே. எந்த மொட்டை வைத்துக்கொள்வது, எதைக் கிள்ளுவது, எப்போது கிள்ளுவது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால், கார்னேஷன் வளர்ப்பில் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

பெயரும் வகைகளும்

கார்னேஷனின் அறிவியல் பெயர் டயாந்தஸ் காரியோஃபில்லஸ். முதற்சொல் 'தெய்வ மலர்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. இரண்டாவது சொல் கிராம்பைக் குறிக்கிறது. லின்னேயஸ் 1753இல் பதிவு செய்த இந்தப் பெயருக்கு நல்ல காரணம் உண்டு. பழைய தோட்ட வகைப் பூ ஒன்றை முகர்ந்தால் கிராம்பின் காரமான மணம் அப்படியே மூக்கில் ஏறும். இரண்டிலும் மணம் தருவது யூஜினால் என்னும் ஒரே வேதிப்பொருள். இன்றைய கொய்மலர் வகைகள் பலவற்றில் அந்த மணம் மங்கிவிட்டது. நீண்ட தண்டையும் நீண்ட குவளை வாழ்நாளையும் நோக்கித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனதில் மணம் பின்தங்கிவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது. விற்பனைக்காக அன்றித் தோட்டத்துக்காக மட்டும் வளர்ப்பவர்கள், மணமுள்ள பழைய வகைகளைத் தேடி வாங்குவதே நல்லது.

மத்தியதரைக் கடலை ஒட்டிய நிலப்பகுதிகளே இதன் தாயகம். காட்டு வடிவத்தில் பூவுக்கு ஐந்தே இதழ்கள். பூப்பதும் ஆண்டில் ஒரு பருவம் மட்டுமே. இதழ்கள் அடுக்கடுக்காகப் பெருகியதும், ஆண்டு முழுவதும் பூக்கும் இயல்பு வந்ததும் மனிதர் கைபட்டதன் விளைவுகள். தொடர்ந்து பூக்கும் வகைகளுக்கு 1840ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சின் லியோன் நகரில் அடித்தளம் இடப்பட்டது. பின்னர், 1930களின் இறுதியில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வில்லியம் சிம் என்பவர் உருவாக்கிய சிவப்பு வகை உலகெங்கும் பசுமைக்குடில்களை நிறைத்தது. அந்த ஒரு சிவப்பு வகையின் கிளைகளில் தற்செயலாகத் தோன்றிய நிறமாற்றங்களைப் பிரித்தெடுத்தே வெள்ளை, இளஞ்சிவப்பு, வரியோடிய நிறங்கள் என்று ஒரு பெருங்குடும்பம் உண்டாயிற்று. ஆகவே, உங்கள் செடியில் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூத்தால் அது நோயென்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தக் கிளையிலிருந்து தண்டுத்துண்டு எடுத்து வளர்த்தால் புது நிறம் நிலைத்தும் விடலாம்.

நீல நிறம் மட்டும் இந்த வழியில் வரவே இல்லை. அதற்குரிய டெல்ஃபினிடின் என்னும் நிறமியைத் தயாரிக்கும் திறன் கார்னேஷனுக்கு இயற்கையில் கிடையாது. பெட்டூனியாச் செடியின் மரபணுவைப் புகுத்தி, 1990களில் ஆஸ்திரேலியாவில் ஊதா கலந்த நீலச்சாயல் கொண்ட கார்னேஷனை உருவாக்கினார்கள். கடைகளில் காணும் அழுத்தமான நீலப் பூக்கள் பலவும் வெள்ளைப் பூவுக்குச் சாயம் ஏற்றியவையே.

தொடங்குபவர் மூன்று பிரிவுகளை அறிந்திருந்தால் போதும். தோட்டத்து ஓரப் பாத்திகளுக்கான வகைகள் குளிரைத் தாங்கும், புதராகப் படரும், ஆண்டுக்கு ஒரு பருவம் பூக்கும். தொடர்ந்து பூக்கும் வகைகள் உயரமாக வளர்பவை. கொய்மலராக விற்பவை பெரும்பாலும் இவையே. இவற்றுக்குப் பாதுகாப்பான கூரையும் தாங்கு வலையும் வேண்டும். மூன்றாவது, சாபோ போன்ற விதைவழி வகைகள். விதைத்த ஐந்தாறு மாதங்களில் பூத்துவிடும் இவற்றில் நிறமும் இதழடுக்கும் செடிக்குச் செடி சற்று மாறும். தொட்டியில் பழகிப் பார்க்க விரும்புபவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த மூன்றாவது பிரிவையே. விதை 18 முதல் 21 டிகிரி வெப்பத்தில் ஒன்று, இரண்டு வாரங்களுக்குள் முளைத்துவிடும்.

நுனி ஆள்கிறது, கணு காத்திருக்கிறது

இப்போது செடிக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் வளரும் நுனி ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே, ஒவ்வொரு கணுவிலும் இலைக்கும் தண்டுக்கும் இடையிலான கக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் பக்கமொட்டு ஒன்று உறங்கிக்கொண்டிருக்கிறது. நுனியில் உற்பத்தியாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் தண்டின் வழியே கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அது இறங்கும்வரை கீழுள்ள பக்கமொட்டுகள் எழ மாட்டா. நுனியை அகற்றினால் இந்தத் தடை நீங்குகிறது, உறங்கியவை விழித்துக்கொள்கின்றன. இலைகள் சமைத்த சர்க்கரையும் வேர் உறிஞ்சிய நீரும் உப்புகளும் இதுவரை ஒரே நுனிக்குச் சென்றுகொண்டிருந்தன. இனி அவை புதிய தளிர்களுக்குப் பங்காகும்.

இது பல செடிகளுக்குப் பொதுவான இயல்பே. கார்னேஷனின் சிறப்பு, இந்த இயல்பை வளர்ப்பவர் அதன் வாழ்நாளில் மூன்று வெவ்வேறு கட்டங்களில் மூன்று வெவ்வேறு நோக்கங்களுக்காகப் பயன்படுத்த முடிகிறது என்பதில் இருக்கிறது. இளம்பருவத்தில் நுனியைக் கிள்ளிக் கிளைகளைப் பெருக்குகிறோம். மொட்டுப் பருவத்தில் வேண்டாத மொட்டுகளை நீக்கிப் பூவின் அளவையும் எண்ணிக்கையையும் முடிவு செய்கிறோம். பூவை வெட்டும்போது, எந்தக் கணுவுக்கு மேலே வெட்டுகிறோம் என்பதன் மூலம் அடுத்த பூப்புக்கு வழி வகுக்கிறோம்.

முதல் கிள்ளல்

நட்ட மூன்று, நான்கு வாரங்களில் நாற்று வேர் பிடித்துப் புதிய இலைகளை விடத் தொடங்கும். தண்டில் ஐந்தாறு கணுக்கள் தெளிவாகத் தெரிந்ததும் நுனியை அகற்றலாம். இதற்கு ஏற்ற நேரம் காலை. இரவெல்லாம் நீரை ஏற்றிக்கொண்ட தண்டு விறைப்பாக இருப்பதால், நுனி 'டப்' என்று சுத்தமாக முறியும். நண்பகலில் துவண்ட தண்டை முறிக்க முயன்றால் அது நசுங்கி நாராகக் கிழியும். ஒரு கையின் இரு விரல்களால் ஐந்தாவது அல்லது ஆறாவது கணுவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதற்கு மேலுள்ள பகுதியைப் பக்கவாட்டில் வளைக்க வேண்டும். மேல்நோக்கி இழுக்கக் கூடாது. இழுத்தால் இளவேர்கள் அசைந்துவிடும்; சில வேளைகளில் நாற்றே கையோடு வந்துவிடும்.

இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்தால், கிள்ளிய இடத்துக்குக் கீழேயுள்ள கணுக்களிலிருந்து நான்கு முதல் ஆறு தளிர்கள் எழுந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பூந்தண்டு ஆகும். வெப்பமும் ஒளியும் சாதகமாக இருந்தால் கிள்ளியதிலிருந்து ஏறக்குறைய நான்கு முதல் ஆறு மாதங்களில் முதல் பூப்பு வரும். குளிர்ந்த, மந்தமான பருவத்தில் இன்னும் தாமதமாகும்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் அது ஒற்றைக் கிள்ளல். எல்லாத் தண்டுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்து, பிறகு ஓர் இடைவெளி விழும். புதிதாக எழுந்த தளிர்கள் எல்லாவற்றையும் மறுபடி கிள்ளுவது இரட்டைக் கிள்ளல். பூக்களின் எண்ணிக்கை கூடும், ஆனால் முதல் பூ வெகுவாகத் தள்ளிப்போகும், தண்டுகள் மெலியவும் கூடும். இரண்டுக்கும் இடைப்பட்டது ஒன்றரைக் கிள்ளல்: புதிய தளிர்களில் வலுவான பாதியை மட்டும், அவை விரல் நீளம் வளர்ந்ததும் கிள்ளிவிட்டு, மற்றவற்றை வளர விடுவது. விடப்பட்டவை முன்னதாகவும் கிள்ளப்பட்டவை பின்னதாகவும் பூப்பதால் பூப்பு நீண்ட காலத்துக்குப் பரவி வரும். ஒரே நாளில் நிறையப் பூ தேவைப்படாத வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்றரைக் கிள்ளலே மிகப் பொருத்தமானது.

ஒற்றைப் பூவா, கொத்துப் பூவா

தண்டு வளர்ந்து, நுனியில் மொட்டு கட்டியதும் இரண்டாவது முடிவை எடுக்க வேண்டும். நுனியிலுள்ள தலைமொட்டை உற்றுப் பாருங்கள். அது கோலிக்குண்டின் பருமனை எட்டும் வேளையில், அதற்குக் கீழேயுள்ள முதல் நான்கைந்து கணுக்களில் பட்டாணி அளவிலும் அதைவிடச் சிறியதாகவும் பக்கமொட்டுகள் தலை நீட்டியிருக்கும். கொய்மலர் உலகில் கார்னேஷன் ஒற்றைப்பூ வகை, கொத்துப்பூ வகை என்று இரண்டாகப் பிரிக்கப்படுவதன் அடிப்படை இந்த மொட்டுகளே.

ஒற்றைப்பூ வகையில் தலைமொட்டை மட்டும் வைத்துக்கொண்டு பக்கமொட்டுகள் அனைத்தையும் நீக்குகிறோம். அவற்றுக்குச் செல்ல வேண்டிய சாரமும் தலைமொட்டுக்கே சேர்வதால், பூ பெரிதாகவும் இதழ்கள் நிறைந்ததாகவும் விரிகிறது. கொத்துப்பூ வகையில் இதற்கு நேர்மாறாகத் தலைமொட்டை அகற்றிவிட்டுப் பக்கமொட்டுகளை வைத்துக்கொள்கிறோம். தலைமொட்டை விட்டுவைத்தால், கீழுள்ளவை மொட்டாக இருக்கும்போதே அது விரிந்து, மற்றவை விரியும் காலத்தில் வாடி, கொத்தின் நடுவில் அசிங்கமாகத் தொங்கும். அதை நீக்கிய பிறகு பக்கப்பூக்கள் ஒன்றையொன்று ஒட்டி வளர்ந்து, ஒரே தண்டில் சிறிய பூங்கொத்தாக அமைகின்றன. செயல் ஒன்றேயாயினும், அகற்றப்படும் மொட்டு மாறும்போது மலரின் இயல்பே மாறிவிடுவதை ஒரே பாத்தியில் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் இரண்டுக்கும் உரிய வகைகள் தனித்தனியாக உருவாக்கப்பட்டிருப்பதால், நாற்று வாங்கும்போதே எது என்று கேட்டறிந்துகொள்வது நல்லது.

மொட்டு நீக்குவதில் கை பழகும்வரை நிதானம் வேண்டும். மிக இளம் மொட்டைப் பிடித்தால் இலையும் சேர்ந்து கிழியும். சில வேளைகளில் தண்டே கீறப்பட்டு, பின்னர் அந்த இடத்தில் வளையும். பட்டாணி அளவை எட்டிய மொட்டை, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கொண்டு பிடித்து, பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் காம்போடு கழன்று வரும். மிகவும் தாமதித்தால் காம்பு கெட்டித்துவிடும், அகற்றிய இடத்தில் வெளிறிய தழும்பு தெரியும், அதுவரை அது உண்ட சாரமும் வீணே. மொட்டுப் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு முறை பாத்தியைச் சுற்றி வருவது போதுமானது.

குளிர்ந்த இரவும் நிறைந்த ஒளியும்

விரல்களால் சாரத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் திருப்புவதற்குச் சாரம் இருக்க வேண்டும். அதைத் தருவது ஒளி. திறந்தவெளியில் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் கிடைக்காத இடத்தில் கார்னேஷன் நீண்டு மெலிந்து, பூக்கத் தயங்கும். பகல்பொழுது நீளும்போது இது விரைவாகப் பூமொட்டுக்குத் திரும்பும். பகல் குறுகும்போது இலைகளை அதிகம் விட்டுக்கொண்டு பூப்பைத் தள்ளிப்போடும். அடியோடு பூக்காமல் போய்விடாது, தாமதமாகும் என்பதே வேறுபாடு.

வெப்பத்தில் இது கண்டிப்பான செடி. இரவில் 10 முதல் 13 டிகிரியும், பகலில் 18 முதல் 24 டிகிரியும் இதற்கு உகந்தவை. வெப்பம் தொடர்ந்து 30 டிகிரியைத் தாண்டினால் தண்டு மெலியும், பூ சிறுக்கும், வாழ்நாள் குறையும். இரவு வெப்பமாக இருக்கும்போது செடி தான் பகலில் சேர்த்த சர்க்கரையை மூச்சுவிடுவதிலேயே செலவழித்துவிடுகிறது என்பது இதற்கு முக்கியக் காரணம். கொலம்பியாவின் பொகோட்டா நகரைச் சூழ்ந்த உயர்சமவெளி இந்த மலரின் உற்பத்தியில் உலகப் புகழ் பெற்றது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவுகள் குளிர்ச்சியானவை. ஒளியும் குளிரும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. அது கிடைத்த இடத்தில் கார்னேஷன் செழித்தது. சமவெளி வெப்பத்தில் வளர்க்க விரும்புபவர்கள் குளிர்ந்த மாதங்களில் பூக்கும்படி காலத்தைக் கணக்கிட்டு நடுவதும், சற்று வெப்பம் தாங்கும் விதைவழி வகைகளைத் தேர்ந்தெடுப்பதுமே நடைமுறைக்கு ஏற்ற வழி.

மண்ணும் நடவும்

கார்னேஷனின் வேர் ஈரத்தை விரும்பும், தேங்கும் நீரைப் பொறுக்காது. ஆகவே 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள மேட்டுப்பாத்தியே சிறந்தது. களிமண்ணாக இருந்தால் மணலும் மக்கிய தொழு உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்து பொலபொலப்பாக்க வேண்டும். கார அமில நிலை 6க்கும் 7க்கும் இடையில் இருக்கட்டும். மிகுந்த அமிலத்தன்மை கொண்ட மண்ணில் சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்யலாம். தொட்டியில் வளர்த்தால், ஒரு செடிக்கு 20 சென்டிமீட்டர் அகலமுள்ள, அடியில் தாராளமாகத் துளையிட்ட தொட்டி போதும்.

நாற்று பெரும்பாலும் தண்டுத்துண்டிலிருந்து உருவாக்கப்படுகிறது. நோயற்ற தாய்ச்செடியின் பக்கத்தளிரிலிருந்து நான்கைந்து இலைச்சோடிகள் கொண்ட 10 முதல் 15 சென்டிமீட்டர் துண்டை ஒடித்து, அடியிலைகளை நீக்கி, வேரூக்கிப் பொடியில் தொட்டு, மணலும் பெர்லைட்டும் போன்ற நீர் வடியும் ஊடகத்தில் ஊன்றினால் மூன்று, நான்கு வாரங்களில் வேர் விடும். தோட்ட ஓர வகைகளுக்குப் பதியமும் எளிது: பூப்பு முடிந்த பிறகு, படர்ந்த கிளையின் ஒரு கணுவில் பாதி ஆழத்துக்குச் சாய்வாகக் கீறி, அந்த இடத்தை மண்ணில் பதித்து, வளைந்த கம்பியால் அழுத்தி வைத்தால் சுமார் ஆறு வாரத்தில் தனி வேர் கிடைக்கும்.

நடும்போது செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை, ஆழமாக நடுவது. தக்காளி நாற்றைப் போலக் கழுத்துவரை புதைத்தால் உறுதியாக நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் புதைத்தேன். ஒரு வாரம் நேராக நின்ற நாற்றுகள், அடுத்த வாரம் மண்மட்டத்தில் பழுப்பேறி, தொட்டதும் சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தபோது வேர் வெள்ளையாகவே இருந்தது. அழுகியது தண்டின் கழுத்து மட்டுமே. மண்ணிலுள்ள ரைசோக்டோனியா என்னும் பூஞ்சைக்கு ஈரமண்ணுக்குள் புதைந்த தண்டு எளிய இரை. வேர்க்கட்டியின் மேற்பகுதி மண்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும்படி நட வேண்டும். முதல் சில நாள்கள் நாற்று ஆடும், சாயும். அதைப் பொறுத்துக்கொள்வதே முறை. செடிக்குச் செடி 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி விடலாம்.

நீரை வேரடியில் மட்டும் விட வேண்டும். மேல்மண்ணில் விரலை இரண்டு சென்டிமீட்டர் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் நீர் விடுவது என்பது எளிய அளவுகோல். உரத்தில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் சிறுகச் சிறுகத் தொடர்ந்து கிடைப்பது, ஒரேயடியாகக் கொட்டுவதைவிடப் பயன் தரும். தழைச்சத்து மிகுந்து சாம்பல் சத்து குறைந்தால் தண்டு குழைந்து தலை தாழும். சுண்ணாம்புச் சத்து தண்டின் உறுதிக்கு வேண்டும். போரான் தேவைப்படுவது மிகமிகக் குறைந்த அளவில்தான். அது இல்லாவிட்டால் நுனி கருகி, பக்கத்தளிர்கள் துடைப்பம் போல நெருங்கி எழும். அளவு மீறினாலோ இலைநுனி கருகும். ஆகவே போரானைத் தனியாக வாங்கி உத்தேசமாக இடாமல், நுண்ணூட்டக் கலவையின் பகுதியாகவே கொடுப்பது பாதுகாப்பானது.

தாங்கு வலையும் வெடிக்கும் மொட்டும்

உயர வகைகளின் தண்டு தன் பூவின் எடையைத் தனியே தாங்காது. ஒரு முறை சாய்ந்த தண்டு, நுனியை மட்டும் மீண்டும் வெளிச்சத்தை நோக்கி வளைத்துக்கொள்வதால் கொக்கி போல ஆகிவிடும். பிறகு எந்தக் குவளையிலும் நேராக நிற்காது. இதைத் தவிர்க்க, நாற்று சிறியதாக இருக்கும்போதே பாத்தியின் நான்கு மூலைகளிலும் குச்சி நட்டு, கிடைமட்டமாக வலைகளைக் கட்ட வேண்டும். மண்ணிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் முதல் அடுக்கு, பிறகு செடி வளர வளர மேலே மூன்று, நான்கு அடுக்குகள். தளிர்கள் தாமாக வலைக்கண்களுக்குள் நுழையும். வெளியே நீட்டுபவற்றை உள்ளே தள்ளிவிடுவது வாராந்தர வேலை.

மொட்டு விரியும் தறுவாயில் இன்னொரு சிக்கல் வரும். கார்னேஷனின் புல்லிவட்டம் ஐந்து புல்லிகள் ஒன்றாக ஒட்டிய பச்சைக் குழாய். அதற்குள் இதழ்கள் மடிந்து அடைபட்டுக் கிடக்கின்றன. குழாய் விரிவதைவிட வேகமாக உள்ளே இதழ்கள் பருத்தால், ஒரு பக்கத்தில் அது கிழிந்து, இதழ்கள் அந்த வழியே சரிந்து தொங்கும். பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பம் பெரிதாக ஏறி இறங்குவதும், மொட்டு வளரும் காலத்தில் கடுங்குளிர் நிலவுவதும் இதற்கு முதன்மைக் காரணங்கள். குளிரில் மொட்டுக்குள் கூடுதல் இதழ்கள் உருவாகி நெரிசல் உண்டாகிறது. போரான் குறைபாடும் இதைத் தூண்டும். வகைக்கு வகை இந்த இயல்பு மாறுபடும் என்பதால், வெடிக்காத வகையைத் தேர்ந்தெடுப்பதே முதல் தீர்வு. வெடிக்கும் இயல்புடைய வகையாக இருந்தால், நிறம் தெரியத் தொடங்கும் மொட்டின் மேல் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிடலாம். கிழிந்த பூவும் செடிக்கு எந்தக் கேடும் செய்யாது. தோட்டத்து அழகுக்கு அதுவும் பூவே.

வாடல், துரு, சிலந்தி

எல்லா நோய்களிலும் அஞ்ச வேண்டியது ஃபியூசேரியம் வாடல். செடியின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகி, ஒரு கிளை மட்டும் வைக்கோல் நிறத்தில் காய்ந்து, மற்ற பகுதி சில வாரங்கள் பச்சையாகவே இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். அந்தத் தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே நீர்க்குழாய்கள் பழுப்பு வளையமாகத் தெரியும். இந்தப் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும், வெப்பமான மண்ணில் வேகம் பெறும், நோயுற்ற தாய்ச்செடியின் துண்டு வழியாகவும் பரவும். நோயுற்ற செடியைக் காப்பாற்ற வழியில்லை. வேரோடும் சுற்றிய மண்ணோடும் அகற்றி, அந்த இடத்தில் மறுபடி கார்னேஷன் நடாமல் இருக்க வேண்டும். தடுப்பு என்பது தூய நாற்று, எதிர்ப்புத் திறனுள்ள வகை, நடவுக்கு முன் ஈரமண்ணைத் தெளிவான பிளாஸ்டிக் தாளால் மூடிக் கோடை வெயிலில் சுடவைப்பது ஆகிய மூன்றுமே.

துரு நோய் இலையில் சாக்லேட் நிறப் பொடிக் கொப்புளங்களாக வரும். இலை ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் இலையடியில் சிலந்திப்பேன் பெருகி, இலை மங்கி, மெல்லிய நூலாம்படை தெரியும். இலைப்பேன்கள் மொட்டுக்குள் புகுந்து இதழைச் சுரண்டுவதால், அடர்நிறப் பூக்களில் வெண்கோடுகள் விழும்.

வெட்டுவதும் வைத்திருப்பதும்

மூன்றாவது முடிவு வெட்டும் இடத்தைப் பற்றியது. ஒற்றைப்பூவை, வெளி இதழ்கள் தண்டுக்குச் செங்குத்தாக விரிந்து, நடு இதழ்கள் இன்னும் நெருங்கியிருக்கும் நிலையில் வெட்ட வேண்டும். கொத்துப்பூவை, இரண்டு, மூன்று பூக்கள் விரிந்து மற்றவை நிறம் காட்டும்போது வெட்டலாம். செடியில் நான்கைந்து கணுக்களை விட்டு மேலே வெட்டுங்கள். தலை போன தண்டின் கணுக்கள் மறுபடி விழித்து அடுத்த பூப்புக்கான தளிர்களைத் தரும். நீண்ட தண்டுக்கு ஆசைப்பட்டு அடிவரை வெட்டினால், அடுத்த பூப்புக்கு விழிக்க வேண்டிய கணுக்களே மிஞ்சாது.

குவளையில் வைக்குமுன் தண்டின் அடியைக் கணுவில் அல்லாமல், இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் சாய்வாக மறுபடி வெட்ட வேண்டும். கணுப் பகுதி கெட்டியானது, நீரைத் தயங்கியே ஏற்றும். நீரில் மூழ்கும் இலைகளை நீக்குங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் சர்க்கரை கரைத்தால், மொட்டாக உள்ளவையும் நன்றாக விரியும். ஆனால் சர்க்கரை நுண்ணுயிர்களுக்கும் உணவு என்பதால், கிருமிநாசினியாக வெளுப்புத் திரவத்தில் சில துளிகளும் சேர்க்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றுவது நல்லது.

கார்னேஷனுக்கு நோயைவிட விரைவான எதிரி ஒன்று காற்றில் இருக்கிறது. அது எத்திலீன் வாயு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே, விரிந்த இதழ்கள் ஒரு நாளுக்குள் உள்நோக்கிச் சுருண்டு, பூ தூங்கிவிட்டதைப் போலாகும். பழுக்கும் பழங்களும் புகையும் வாடிய பூக்களும் இந்த வாயுவை வெளியிடுகின்றன. பூவே முதிரும்போது எத்திலீனை உண்டாக்கி, அந்த வாயுவால் தூண்டப்பட்டு மேலும் அதிகமாக உண்டாக்கும். மகரந்தச் சேர்க்கை நிகழ்ந்தாலும் இதே சங்கிலி தொடங்கிவிடும். விதைக்கு வழி பிறந்த பிறகு இதழ்களைப் பேணச் செடிக்குத் தேவை இல்லை. வணிக வளர்ப்பாளர்கள் வெட்டியவுடன் தண்டுகளை வெள்ளித் தயோசல்ஃபேட் கரைசலில் நிறுத்துவது இந்தச் சங்கிலியை அறுப்பதற்காகவே. வெள்ளி ஒரு கன உலோகம் என்பதால் அந்தக் கரைசலை மண்ணிலோ கழிவுநீரிலோ ஊற்றக் கூடாது. வீட்டில் அதைக் கையாள வேண்டிய அவசியமும் இல்லை. குவளையைப் பழக்கூடையிலிருந்து விலக்கிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, முதலில் வாடும் பூவை அன்றே எடுத்துவிட்டால், மற்றவை தத்தம் நாள்வரை நிற்கும். உள்நோக்கிச் சுருண்ட இதழ் மட்டும் எந்த நீராலும் மறுபடி விரியாது.